ரைட்டரின் கைகள்

எங்கள் ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் என் அக்கா வீட்டுக்காரரின் சிலுவை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. போன மழைக்கு மண் இளகிவிட்டது. நிமிர்த்தி வைக்கட்டுமா என்று கொத்தனார் கேட்டதற்கு, தொடவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். வாழ்நாள் முழுக்க எந்தப் பொருளையும் அது இருந்த இடத்தில் இருக்க விடாத மனுஷருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவர் மட்டும் உள்ளே இருந்து அதைப் பார்க்க முடிந்தால், ரசமட்டம் கேட்டு எழுந்து வந்துவிடுவார் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு.

அவர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். காப்பித் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பின்னாலேயே நடந்து, அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறவருக்கு எங்கள் மலையில் அந்தப் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை ரைட்டர் என்றே கூப்பிட்டது. அவரும் ஊரையே எஸ்டேட் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. பேப்பர் படிக்க வருகிறேன் என்று காலையில் வருவார். பேப்பரை விரிப்பதற்குள் பெயிண்ட் டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றி வைத்திருப்பார். வெள்ளை வேண்டுமென்று யாராவது வந்தால் என் கடையில் நானே தேடித் திரிய வேண்டும்.

"ஏனுங்க மாமா, இதையெல்லாம் எதுக்குங்க மாத்துனீங்க?"

"நான் எங்க மாப்ளே மாத்துனேன். அது இருக்க வேண்டிய எடத்துல வெச்சேன்."

கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது உபதேசியார் சூசையப்பரை மாட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். இவர் கழுதைக்குப் பக்கத்தில் மாற்றுவார். உபதேசியார் திரும்ப மாட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அந்த வாரம் முழுக்க சூசையப்பர் நடந்துகொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒருமுறை செம்மநத்தத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது இவர் கண்ணுக்குப் பந்தல் கால் சாய்ந்திருப்பது தெரிந்துவிட்டது. கயிறு தேடி, கல் தேடி, வெளியூரிலிருந்து துக்கம் கேட்க வந்த ஒருவரை ஏணி பிடிக்கச் சொல்லி, பந்தலை இழுத்துக் கட்டி முடித்துவிட்டுத்தான் மாலையைப் போட்டார். சாயந்திரம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தபோது அந்தப் பந்தல் அசையவில்லை. செத்துப்போனவரின் மகன் இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அதுதான் கெடுதலாகப் போயிற்று. ஊரே வைததை எல்லாம் மறந்துவிட்டவர், அந்த ஒரு நன்றியை மட்டும் சாகும் வரை பத்திரமாக வைத்திருந்தார்.

எங்களுக்கெல்லாம் இது சிரிப்பு. அவர் மகள் பிரின்சிக்கு அப்படி இல்லை. அவள் நாலாவது படிக்கும்போது ஒரு வீடு வரைந்தாள். கூரை கோணல், கதவு ஒரு பக்கம், கதவைவிடப் பெரிய கோழி. ரைட்டர் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்து கூரையை நேராக்கி, கதவை நடுவில் வைத்து, கோழியைச் சிறிதாக்கிக் கொடுத்தார். நல்ல வீடாகத்தான் இருந்தது. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கூடு இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் படம் வரைந்து நான் பார்த்ததில்லை.

பிரின்சி விவசாயம் படித்து, காப்பியைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு, அந்த வேலையாகவே லாவோஸ் நாட்டுக்குப் போனாள். அங்கேயும் ஒரு காப்பி மலை இருக்கிறது. அங்கே பூன்மி என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். அவன் அம்மா, கணவனை இழந்தவர், ஒரு காப்பித் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதம், மொழி, தூரம் என்று எதற்கும் ரைட்டர் குறுக்கே நிற்கவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் போகவில்லை. தலைச்சோலையில் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. பழம் பறிக்கிற நேரம் என்று சொல்லிவிட்டார். அக்காவும் நானும்தான் போனோம்.

தாலி கிடையாது, அவர்கள் வழக்கப்படி கல்யாணம். நான் போனில் வீடியோ போட்டுக் காட்டினேன். பூன்மி பட்டுத் துண்டைத் தோளில் குறுக்காகப் போட்டு உட்கார்ந்திருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் போனைப் பார்த்து ரைட்டருக்குக் கும்பிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை துண்டு கோணலா இருக்குதே, யாராச்சும் இழுத்து உடுங்க" என்றார். பிரின்சியின் முகம் அப்படியே வாடிப்போனது. அதன் பிறகு மூன்று வருடம் அவள் அப்பாவுடன் பேசவே இல்லை. போன் வந்தால் அம்மாவோடு சரி.

திரும்பக் கூப்பிட வைத்தது சம்பந்தியம்மாதான். மருமகளின் அப்பாவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். பிரின்சி போன் செய்தாள். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"வாங்கப்பா. ஆனா ஒண்ணு. இங்க எதையும் நீங்க சரி பண்ணக் கூடாது."

"சரி கண்ணு."

"எதையும்."

"சரிங்கறேனில்ல சாமி."

அக்காவுக்கு அப்போது முழங்கால் வலி. நடக்க முடியாது. என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நீ கூடப் போடா. ஊரெல்லாம் பாக்க வேண்டாம், அவரு கையை மட்டும் பாத்துக்க" என்றாள். இப்படி ஒரு வேலைக்காக வெளிநாடு போனவன் எங்கள் மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விமானத்திலேயே வேலை வந்துவிட்டது. தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடத்தில் யார் யாருடைய பைகளையோ திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தவரை, பணிப்பெண் இரண்டு முறை தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். "பொண்ணு நல்ல பொண்ணு, அடுக்கத்தான் தெரியல" என்றார் என்னிடம்.

பிரின்சியும் பூன்மியும் தலைநகரத்துக்கே வந்து எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். நேராக வீட்டுக்குப் போகாமல், ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கி, ஊர் ஊராக நின்று காட்டிக்கொண்டு போவது என்று அவள் ஏற்பாடு. அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நினைத்திருப்பாள். மீகாங் ஆறு பக்கத்திலேயே வந்தது. மலைக்காரர்களுக்கு அவ்வளவு தண்ணீர் பார்த்துப் பழக்கம் இல்லை. ரைட்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியும் இவங்க பாட்டுக்குப் போக உட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். கை இரண்டையும் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார். முதல் நாள் முழுக்க வெளியே எடுக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு கை வெளியே வந்தது. தங்கிய விடுதிச் சுவரில் யானைப் படம் ஒன்று சாய்ந்து தொங்கியது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் யானை நேராக நின்றது. "காத்துல தானா திரும்பிருச்சு மாப்ளே" என்றார். ஜன்னல் மூடியிருந்தது.

அன்று சாயந்திரம் சவன்னகேத் என்ற ஊரில், ஆற்றங்கரையில் மீன் சுட்டு விற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் தாய்லாந்தின் விளக்குகள். ரைட்டர் பூன்மியோடு படிக்கட்டில் இறங்கித் தண்ணீர் பார்க்கப் போயிருந்தார். பிரின்சி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, கல்யாணமாகி மொதத் தடவை இவங்க ஊட்டுல சோறு அவிச்சேன். கொழைஞ்சு போச்சுங்க. அத்தை ஒண்ணுமே சொல்லல. எல்லாரும் சாப்ட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் செஞ்சதை யாரும் அப்படியே உட்டு நான் பாத்ததில்லீங்க மாமா."

அவள் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா மேல எனக்கு நொம்ப ஆசைதான். ஆனா என் ஊட்டுல யாரும் யாரையும் திருத்தறதில்ல. அதை அப்பா வந்து கெடுத்துட்டாருன்னா, இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்."

அவள் இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சம்பாசாக் பக்கம் ஆற்றைக் கடக்க ஒரு படகு. ஒரு ஓரமாக மூட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். பிரின்சி டிக்கெட் வாங்கப் போன நேரத்தில், நான் தடுப்பதற்குள், ரைட்டர் இரண்டு மூட்டையை நடுவுக்கு இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறு ஓரத்தில் ஏற்ற மோட்டார் சைக்கிள்கள் வந்தன. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. படகுக்காரர் சிரித்துக்கொண்டே மூட்டைகளைப் பழைய இடத்துக்கே தள்ளினார். "எடை தெரிஞ்சிருக்குது, வரிசை தெரியல" என்று ரைட்டர் என் காதில் சொன்னார். அவருக்கு அதில் ஒரு பாடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்கரையில் ஒரு மலைச்சரிவில் மிகப் பழைய சிவன் கோவில், வாட் பூ. இப்போது உள்ளே புத்தர் இருக்கிறார். கல்படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. எங்களுக்கு மூச்சு வாங்கியது, அவர் எங்கள் ஊர்ச் சேர்வராயன் கோவிலுக்கு ஏறுகிற மாதிரி சாதாரணமாக ஏறிப் போய்விட்டார். மேலே வேண்டுதலுக்காக ஜனங்கள் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்கெல்லாம் அப்படிக் குட்டிக் கோபுரங்கள். நாங்கள் போய்ச் சேரும்போது ரைட்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்றாவது கோபுரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அப்பா, அது யாரோட வேண்டுதலோ."

"வேண்டுதல்னாலும் நேரா நிக்க வேண்டாமா கண்ணு?"

பிரின்சி திரும்பிப் படியிறங்கிவிட்டாள். அவர் எழுந்து கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இறங்கும்போது என்னிடம், "அவ கோவிச்சுக்கிட்டாளா மாப்ளே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இனி தொட மாட்டேன்" என்றார். அந்த நேரத்தில் அதை அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

ஆற்றைத் திரும்பக் கடந்து ஏறிப் போனால், காப்பி மலைமேல் சம்பந்தியம்மாவின் வீடு. மரத்தூண்கள் மேல் நிற்கும் பலகை வீடு, வாசலைத் தாண்டினால் காப்பி. குளிரும் பனியும் காப்பிப் பழ வாசமும் சேர்ந்து எனக்குத் தலைச்சோலைக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. சம்பந்தியம்மா ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். ரைட்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் முகத்தைப் பார்த்தார். மறுநாள் சாயந்திரம் அவரை வரவேற்க ஊரையே கூப்பிட்டிருப்பதாகப் பிரின்சி சொன்னாள். நல்லபடியாக வந்து சேர்ந்தாயிற்று என்ற நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

நான் எழுந்தபோது விடிந்திருந்தது. பக்கத்துப் பாயில் ரைட்டர் இல்லை. தோட்டத்தில் இருந்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, இலைப்பனியில் நனைந்து, இருபது வயது குறைந்த மாதிரி மலர்ந்த முகத்தோடு இருந்தார். ஒரு வரிசை முழுக்கச் செடிகளின் அடியில் ஒடித்துப் போட்ட தளிர்கள் குவிந்து கிடந்தன.

"பாரு மாப்ளே, ஒரு வேருல நாலு தண்டு. சிம்பு ஒடிக்காம காடு மாதிரி உட்டிருக்காங்க. பாவம், சொல்லிக்குடுக்க ஆளில்ல."

எங்கள் மலையில் காப்பிச் செடிக்கு ஒரே தண்டு. பக்கத்தில் நேராகக் கிளம்புகிறதெல்லாம் சிம்பு, வீண். அதை ஒடிப்பதுதான் ரைட்டர் ஆயுள் முழுக்க ஆட்களை விட்டுச் செய்வித்த வேலை. அங்கே வழக்கம் வேறு. ஒரு வேரில் மூன்று நான்கு தண்டுகளை வேண்டுமென்றே வளர விடுகிறார்கள். வயதான தண்டு ஓய்ந்து அதை வெட்டும்போது, இளந்தண்டு காய்க்கத் தயாராக நிற்க வேண்டும். இதை ஓடி வந்த பூன்மி திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னான். ரைட்டர் ஒடித்தது அந்த இளந்தண்டுகளை. வரப்போகிற வருடங்களின் காப்பி தரையில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா திரும்பி வந்தார். காலையில் பிக்குகளுக்குச் சோறு போடுவதற்காகத் தெருமுனைக்குப் போயிருந்தவர், காலிக் கூடையோடு வரிசை ஓரமாக நின்று பார்த்தார். உட்கார்ந்து ஒரு தளிரைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஏதோ சின்னதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் சொன்னதைப் பிரின்சி எங்களுக்குச் சொல்லவில்லை. அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

ரைட்டர் அறைக்கு வந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். மடிக்காமல் வைத்தார். நான் முப்பது வருடமாகப் பழகிய மனுஷர் ஒரு சட்டையை மடிக்காமல் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பஸ் எப்பன்னு கேளு மாப்ளே. நாம போயிடலாம்."

"இருங்க மாமா, பேசிக்கலாம்."

"இதுக்குத்தாண்டா நான் கல்யாணத்துக்கு வரல. பழமாவது பறிப்பாவது. நேருல வந்தா கை சும்மா இருக்காது, அவ மனசு நொந்துரும்னு ஊட்டுலயே குந்திக்கிட்டேன். அங்க குந்திக்கிட்டும் வாய் சும்மா இருக்கல."

பின்னால் பலகை கிரீச்சிட்டது. பிரின்சி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. உள்ளே வந்து பெட்டியை மூடி ஒரு மூலையில் தள்ளி வைத்தாள். "சாயந்திரம் ஆளுங்க வராங்கப்பா. குளிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது மன்னிப்பா, முறைக்காகச் சொன்னதா என்று எங்கள் இருவருக்குமே புரியவில்லை.

சாயந்திரம் வீடு நிறைந்துவிட்டது. நடுவில் வாழை இலையைக் கூம்பாகச் சுருட்டி, பூ வைத்து, வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரதேசம் போய் வருகிறவனின் உயிர் வழியெல்லாம் சிதறி நின்றுவிடுமாம். அதைத் திரும்பக் கூப்பிட்டு, உடம்போடு சேர்த்து, மணிக்கட்டில் நூலால் கட்டிவிடுகிற சடங்கு அது. ஒரு பெரியவர் மந்திரம் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து ரைட்டரின் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காலையில் நடந்தது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது.

கடைசியாகச் சம்பந்தியம்மா வந்து எதிரில் மண்டியிட்டார். அவர் நீளமான நூலாகத் தேடி எடுத்தார். ரைட்டரின் வலது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். நூலை அறுக்கவில்லை. இடது கையை இழுத்துப் பக்கத்தில் வைத்து, அதே நூலால் அதையும் சேர்த்துக் கட்டினார். இரண்டு கையும் ஒன்றாகிவிட்டன. பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஏதோ வாழ்த்துச் சொன்னார். கூட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்றார் ரைட்டர்.

"உங்க உயிரெல்லாம் கையிலதான் இருக்குதாம்பா. அது ரெண்டும் பத்திரமா ஒண்ணா இருக்கட்டுமாம். அவங்க காப்பிப் பக்கம் போக வேண்டாமாம்."

அந்த மனுஷரை யாரும் அதுவரை நேருக்கு நேர் கேலி செய்ததில்லை. அவர் தன் கைகளைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், எங்கே கோணல் என்று தேடுகிற பார்வை. பிறகு நிமிர்ந்து, "முடிச்சு நல்லாப் போட்டிருக்காங்க" என்றார். பிரின்சி அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் சம்பந்தியம்மாவும் சிரித்துவிட்டார்.

சாப்பாடு வந்தது. சம்பந்தியம்மா கட்டை அவிழ்க்கக் கை நீட்டினார். ரைட்டர் கைகளைப் பின்னுக்கு இழுத்து, மாட்டேன் என்று தலையாட்டினார். பிரின்சி தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றை உருட்டினாள்.

"வாயைத் திறங்கப்பா."

திறந்தார். அவசரத்தில் பாதி வாய்க்குள் போனது, மீதி அவர் மீசையிலும் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டிக்கொண்டது. பிரின்சி துடைக்கத் துணியைத் தேடினாள்.

"இருக்கட்டும் கண்ணு," என்றார் அவர், வாய் நிறையச் சோற்றோடு. "அடுத்த வாய் குடு."